பாப்பம்மா கொடுத்த வாக்கு

ஊசி ஏறும்போது பாப்பம்மா கையைப் பிடித்துக்கொண்டால் வலி தெரியாது என்று கோலார் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேச்சு இருந்தது. அதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஊசி போடுகிற நேரம் பார்த்து அவள் ஏதாவது வம்பு இழுப்பாள். "இன்னா, உன் மாமியா ஊருக்குப் போயிடுச்சா, இன்னும் இங்கதான் குந்திகினு கீதா?" என்பாள். படுத்திருப்பவன் சிரித்துவிடுவான். அதற்குள் ஊசி ஏறிக் குழாயில் சிவப்பு இறங்கத் தொடங்கியிருக்கும்.

மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், துணிக்கடை மாடியில் இருந்த தனியார் ரத்த வங்கியில் அவள் ஆயா. தரை துடைப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது, ரத்தம் கொடுத்து எழுந்தவர்களுக்கு எலுமிச்சை ஜூஸும் பிஸ்கெட்டும் கொடுப்பது, மயக்கம் போட்டவர்களின் காலைத் தூக்கிப் பிடிப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. கை பிடிப்பது யாரும் சொல்லாமல் அவளாகச் சேர்த்துக்கொண்டது.

முதலாளி தர்மராஜ் அந்நியனில்லை. சாம்பியன் ரீஃபில் பாப்பம்மா குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே, நாலு வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பாவும் பாப்பம்மாவின் புருஷன் முனிரத்தினமும் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். தர்மராஜ் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்தான். பிறகு ஊருக்குத் திரும்பி, பாங்கில் கடன் வாங்கி இந்த வங்கியைத் திறந்தான். முனிரத்தினம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போன சமயம். "வீட்ல தனியா இன்னாத்துக்கு குந்திகினு கீறீங்க? என்கிட்ட வந்துடுங்கக்கா" என்று தர்மராஜ் வீடு தேடி வந்து கூப்பிட்டான். அன்றிலிருந்து ஆள் இருக்கும்போது அவனை 'சார்' என்றும், இல்லாதபோது 'தர்மா' என்றும் கூப்பிட்டு வந்தாள்.

அந்தக் காலத்தில் ரத்தம் விலைக்கு வந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. சுரங்கத்தில் ஆள் குறைக்கத் தொடங்கி, வந்த பணத்தையும் தொலைத்துவிட்டு நின்றவர்கள் காலையிலேயே மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் வேலு என்று ஒருவன். ஒரு காலத்தில் சுரங்க ஷாஃப்டில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிற வேலையில் நல்ல பேர் எடுத்தவன். ஆள் வற்றிப் போயிருப்பான். "போன மாசம்தானேடா குடுத்த" என்று பாப்பம்மா கேட்டால், "அது வேற ரத்தம்மா, இது புதுசு" என்பான். காசை வாங்கியதும் அவன் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிஸ்கெட்டையாவது தின்றுவிட்டுப் போ என்று கெஞ்சுவாள். சம்பளம் கிடைத்தாலும், அந்த வேலையில் அவள் மனம் ஒட்டாமல்தான் இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷக் கடைசியில் ஒருநாள் தர்மராஜ் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினான். எல்லோரும் என்றால் பாப்பம்மா, சுமா என்ற கன்னடத்து லேப் பெண், வண்டி ஓட்டுபவர், அவ்வளவு பேர்தான். சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துவிட்டது, புது வருஷத்திலிருந்து காசு கொடுத்து ரத்தம் எடுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்றான். புது சோதனைகள், டாக்டர், ஜெனரேட்டர், பதிவேடுகள் என்று அடுக்கிக்கொண்டே போனான். முகம் வெளிறியிருந்தது.

மற்றவர்கள் கீழே போன பிறகு, "கடையை மூட வேண்டியதுதான்க்கா" என்றான்.

பாப்பம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "ஏன் மூடணும்? காசு வாங்காம குடுக்கறவங்க இல்லியா?"

"யாரு குடுப்பாங்க? இந்த ஊர்ல ரத்தம்னா பயப்படறாங்க."

"கேட்டுப் பாத்தியா?"

அவன் அவளையே பார்த்தான். "நீங்க கேட்டா குடுப்பாங்க."

"நான் கேக்கறேன். ஆனா ஒண்ணு. குடுத்தவங்க வூட்டுல ஒருத்தருக்கு வேணும்னு வந்தா, இல்லன்னு சொல்லக்கூடாது. அந்த வாக்க நான் குடுக்கணும்னா, நீ எனக்குக் குடு."

"இன்னாக்கா, இதுக்கெல்லாம் போய்… எங்கப்பா மேல சத்தியம். மொதல்ல நம்ம ஜனம். அப்புறம்தான் மத்தவங்க."

அவன் அப்பா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிணத்தைக் குளிப்பாட்ட முனிரத்தினம்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினான். அந்த மனுஷன் மேல் சத்தியம் என்ற பிறகு வேறு என்ன வேண்டும்?

புது வருஷத்தில் வேலு வழக்கம்போல மாடிப்படி ஏறி வந்தான். பாப்பம்மாதான் அவனைத் திருப்பி அனுப்பினாள். "இனிமே காசுக்கு எடுக்க மாட்டாங்கடா. சட்டம் மாறிடுச்சு" என்றாள். அவன் நம்பவில்லை. "அப்போ என் ரத்தம் இன்னா கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான்.

அதன் பிறகு பாப்பம்மா தெருத்தெருவாக நடந்தாள். மாரிகுப்பம், ஊர்காம், கோரமண்டல் என்று ஒரு லைன் விடவில்லை. பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டார்கள். "சுரங்கத்துல உறிஞ்சினது போதாதுன்னு நீ வேற வந்துட்டியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். ரத்தம் போனால் ஆண்மை போய்விடும் என்று ஒருத்தன் பயந்தான். அவள் பொறுமையாகச் சொன்னாள். ரத்தம் ஊறும். ஊசி புதுசு. ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போட மாட்டார்கள். கடைசியில், "இன்னிக்கு நீ குடு. நாளைக்கு உன் வூட்டுல ஒருத்தருக்குன்னா நான் குடுக்க வைக்கிறேன். நான் பொறுப்பு" என்பாள்.

முதல் முகாம் புத்த விகார மண்டபத்தில் நடந்தது. பாப்பம்மாவின் அப்பா பௌத்தத்துக்கு மாறிய தலைமுறை. அந்த மண்டபத்தில்தான் அவள் கல்யாணம் நடந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டில் மாதிரி போட்டிருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் சுவரோரம் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் படுக்கவில்லை.

கூட்டத்திலிருந்து யேசுதாஸ் முன்னால் வந்தான். பெமல் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "சர்ச்சுல இருந்து நான் வந்துட்டேன். விகாரத்துல இருந்து யாரும் இல்லியா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் படுத்தான். கூட்டம் சிரித்தது. படுத்த பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஊசின்னாலே ஒதறும்க்கா. கைய விட்டுடாதீங்க" என்றான். பாப்பம்மா விடவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்து ஜூஸ் குடித்ததைப் பார்த்ததும் சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடித்தார்கள்.

அந்த வருஷம் பாப்பம்மாவின் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம். சர்ச் மண்டபம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை வாசல் என்று முகாம்கள் நடந்தன. முகாமில் ரத்தம் கொடுத்தால் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தவர்கள் உண்டு. யேசுதாஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தான். வரும்போது இரண்டு பேரைக் கூட்டி வருவான். அதிகாரிகள் வந்து பார்த்து, சின்ன ஊரில் இப்படி நடத்துவது பெரிய விஷயம் என்று தர்மராஜைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாப்பம்மா தினமும் காலையில் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைத் துடைப்பாள். உள்ளே அடுக்கியிருக்கும் பைகளைப் பார்க்கும்போது அது அந்த முகம், இது இந்த முகம் என்று தோன்றும். முன்பு அதே கதவைப் பார்க்காமல் துடைப்பவள்தான் அவள்.

மறு வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் ஊருக்கு வந்திருந்தான். பழைய இடத்தை விட்டு, பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம தர்மா வண்டி அங்க வருதுடி" என்றான்.

"எங்க?"

"எங்க நர்சிங் ஹோமுக்குத்தான். வாராவாரம் வருது. பொட்டி பொட்டியா எறக்கறாங்க. நான்தான் கேட் தொறந்து வுடறேன். டிரைவர் என்னைப் பாத்து சலாம் வெச்சான்."

அவனுக்கு அதில் பெருமைதான். லைனில் பிறந்த பையன் பெங்களூர் வரைக்கும் சப்ளை பண்ணுகிறான் என்ற பெருமை. பாப்பம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாளே தர்மராஜிடம் கேட்டாள். அவன் தடுமாறவே இல்லை.

"மிச்சம் ஆனதுதான்க்கா. ஒரு மாசத்துக்கு மேல வெச்சா கொட்டணும். கொட்டறதுக்கு ஒரு உயிர காப்பாத்தினா தப்பா?"

தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. தானே சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகக்கூட இருந்தது. அன்று அவனுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை தொழிற்சாலை வாசலில் பெரிய முகாம் நடந்தது. இரண்டு குளிர்பெட்டி நிறைகிற அளவுக்கு ரத்தம் சேர்ந்தது. யேசுதாஸ் அன்று கொடுக்கவில்லை. அவன் மனைவி தேவிகாவுக்கு நாள் நெருங்கியிருந்ததால் பாப்பம்மாதான், "இப்போ நீ வேணாம், நீ தெம்பா இரு" என்று நிறுத்தினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் யேசுதாஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தான். தேவிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டும், அவனுடைய அட்டைகளும் கையில் இருந்தன.

சுமா சீட்டை வாங்கிப் பார்த்தாள். பாப்பம்மாவைப் பார்த்தாள். "ஓ பாசிட்டிவ் ஸ்டாக் இல்லா ஆன்ட்டி" என்றாள்.

பாப்பம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னாமா சொல்ற? சனிக்கெழம அவ்ளோ எடுத்தோமே!"

"டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு காலைல வண்டில போயிடுச்சு."

"மிச்சமானது தானே போவும்?"

சுமா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மிச்சமானது அல்ல ஆன்ட்டி. ஃப்ரெஷ் தான் போகுது. அவங்க ஃப்ரெஷ் தான் கேக்கறாங்க. இங்க இருக்கறது… அவங்க வேணாம்னு சொன்ன குரூப்."

பாப்பம்மா குளிர்பெட்டிக்கு ஓடினாள். அன்று காலை ரத்த வங்கிக்குச் சாமான் வாங்கப் போய்விட்டு நேரம் கழித்து வந்ததால் கதவைத் துடைக்கவில்லை. திறந்தாள். மேல் தட்டு இரண்டும் காலி.

யேசுதாஸ் அவள் பின்னாலேயே வந்து நின்றான். காலித் தட்டைப் பார்த்தான். கத்தவில்லை. "நீங்கதானக்கா சொன்னீங்க" என்றான். அதைச் சொல்லும்போதே திரும்பிப் படியிறங்கி ஓடினான்.

அவன் ஓடியது தொழிற்சாலைக்கு. மெஷினை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் அவனோடு கிளம்பி வந்தார்கள். பாப்பம்மாதான் அவர்களுக்கும் கை பிடித்தாள். ஆனால் ஒரு வம்பும் பேசவில்லை. அவர்கள் ரத்தத்தை எடுத்து, சோதித்து, பொருத்தம் பார்த்து அனுப்புவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. தேவிகா பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். ரத்தம் நேரத்துக்கு வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று யேசுதாஸின் அம்மா டாக்டரம்மாவைக் கேட்டபோது, "அது சொல்ல முடியாதுமா" என்றார். அந்தப் பதில்தான் பாப்பம்மாவைக் கடைசிவரை விடவில்லை. ஆமாம் என்றிருந்தால் ஒரு வழி. இல்லை என்றிருந்தால் இன்னொரு வழி.

மறுநாள் தர்மராஜ் வந்ததும் அவள் நேராக அவன் அறைக்குள் போனாள். 'சார்' எல்லாம் சொல்லவில்லை.

"உங்கப்பா மேல சத்தியம் பண்ணினியேடா தர்மா."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "யேசுதாஸ் வூட்டுக்கு நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்க்கா. எனக்கும் வருத்தம்தான். ஆனா நான் சட்டத்த மீறி ஒண்ணும் செய்யல. யாருக்கும் காசு குடுத்து எடுக்கல. ரத்தத்த விக்கல. சோதனைச் செலவு மட்டும்தான் வாங்கறேன். அதுவும் ரசீதோட. யார் வேணா வந்து பாக்கலாம்."

"நான் சட்டத்தப் பத்திக் கேக்கல."

"நீங்க கேக்கல, சரி. ஆனா சட்டம் என்னைக் கேக்குது இல்ல? டாக்டர் வேணும்னுது, ஜெனரேட்டர் வேணும்னுது, சோதனை கிட் வேணும்னுது. இந்த ஊர்ல எத்தன பேரு சோதனைச் செலவு முழுசாக் கட்டறாங்க? பாதிப் பேருக்கு நானே தள்ளி வுடறேன். பெங்களூர்காரன் குடுக்கறதாலதான் இந்த மாடி ஓடுது. அவனுக்குத் திங்கட்கெழம பை போகலன்னா அவன் வேற எடம் பாத்துக்குவான். அப்புறம் நம்ம ஜனத்துக்கு இதுகூட இருக்காது."

அவன் சொன்னதில் பொய் இருக்கிறதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஜெனரேட்டர் கடனுக்கு அவன் அலைந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"இது அத்தனையும் எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றாள். "பாதி இங்க, பாதி பெங்களூருன்னு சொல்லியிருந்தா, நான் அதையே ஜனத்துகிட்ட சொல்லிக் கேட்டிருப்பேனே."

"அப்படிச் சொன்னா யாரு குடுப்பாங்க?"

"அத அவங்கல்ல சொல்லணும்! நீயா எப்படி முடிவு பண்ணின? மிச்சம்னு இன்னாத்துக்கு என்னாண்ட பொய் சொன்ன?"

அவன் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான், மாட்டினான். "நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா" என்றான்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

யேசுதாஸ் ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான். "உங்க மேல கோவம் இல்லக்கா. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் அவன நம்பிப் படுக்கல. அவன எனக்கு யாருன்னே தெரியாது. உங்களத்தான் நம்பினேன்" என்றான். அவள் காபி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

திட்டுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். அவள் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினாள் என்று குழாயடியில் பேசினார்கள். அட்டைகளைக் கிழித்து அவள் வாசலில் யாரோ போட்டிருந்தார்கள். பெருக்கி எடுத்தாள். முனிரத்தினம் பெங்களூரிலிருந்து வந்து விஷயம் முழுவதையும் கேட்டான். பிறகு, "நானே கேட் தொறந்து வுட்டனேடி" என்றான். அடுத்த மாதமே அந்த நர்சிங் ஹோம் வேலையை விட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டான். அவள் வேலையை விடச் சொல்லவில்லை.

பஜாரில் ஒருநாள் வேலு எதிரே வந்தான். குடித்திருக்கவில்லை. அவளை நிறுத்தி, கேலியே இல்லாத குரலில் கேட்டான். "அப்போ நாங்க வித்தோம், எங்க கைக்கு நாலு காசு வந்துச்சு. இப்போ ஜனம் சும்மா குடுக்குது, அது எங்கியோ போவுது. சட்டம் மாறிச்சுன்னு சொன்னியே பாப்பம்மா, இன்னா மாறிச்சு?"

அவளுக்கு அவனைப் படியில் திருப்பி அனுப்பிய காலை ஞாபகம் வந்தது. அன்று தான் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

ஒரு முறை அவள் அதிகாரிகளிடமும் போனாள். விகாரத்துச் செயலாளர் மனு எழுதிக் கொடுத்தார். கோலார் வரைக்கும் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆட்களும் வந்தார்கள், பார்த்தார்கள். எல்லாம் முறைப்படி இருப்பதாகவும், புகாருக்கு முகாந்திரம் இல்லை என்றும் பதில் வந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, வாய்ல சொன்ன வாக்கை நாங்க எந்தச் சட்டத்துல போய்த் தேடறது?" என்று கேட்டார். அவர் அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் அதைக் கேட்டார்.

முந்தைய வருஷம் ஏப்ரலில் அம்பேத்கர் ஜெயந்திக்கு விகாரத்தில் முகாம் வைத்திருந்தார்கள். அந்த முறை வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது பாப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் மண்டபத்தின் நடுவில் நின்று நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். தர்மராஜ் சொன்ன நியாயத்தையும் சொன்னாள். "எனக்குத் தெரியாம நடந்துச்சு. ஆனா தெரிஞ்சிக்காம வாக்குக் குடுத்தது நான்தான்" என்றாள். முகாம் வைக்கவில்லை. சர்ச்சிலும் நிறுத்திவிட்டார்கள். வருஷம் முடிவதற்குள் தர்மராஜின் குளிர்பெட்டி பெங்களூருக்கும் பற்றாமல் போயிற்று.

இரண்டாயிரமாவது வருஷம் மழைக்காலத்தில் தர்மராஜ் அவள் வீட்டுக்கு வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவன் அப்பா உயிரோடு இருந்தபோது வந்தால் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"திரும்பி வாங்கக்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். ஜனம் வந்துடும்."

"வரேன்" என்றாள் பாப்பம்மா. அவன் நிமிர்ந்தான். "மாடிப்படிக்குக் கீழ ஒரு கரும்பலகை மாட்டு. காலைல எத்தன பை இருக்குது, எந்த குரூப்பு, எத்தன பை பெங்களூர் போவுதுன்னு தெனமும் தமிழ்ல, கன்னடத்துல எழுது. போறவன் வரவன் எல்லாம் படிக்கட்டும். பெங்களூர் போறத நான் வேணாம்னு சொல்லல. தெரியட்டும்."

"அந்தக் கணக்கெல்லாம் உள்ள இருக்குதுக்கா. இன்ஸ்பெக்டர் வந்தா காட்டறேன்."

"ரத்தம் குடுத்தது இன்ஸ்பெக்டரா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். பெங்களூர்க்காரர்கள் அப்படிப் பலகையில் போட ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போட்டிக்காரன் பார்ப்பான், தொழிலில் சில விஷயம் வெளியே சொல்லக்கூடாது என்றெல்லாம் சொன்னான். பாப்பம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேசி முடித்த பிறகு, "மழை வுட்டுடுச்சு, கெளம்பு தர்மா" என்றாள். நாலு மாதத்தில் அவன் வங்கியைப் பெங்களூருக்கே மாற்றிக்கொண்டு போனான். துணிக்கடைக்காரர் மாடியைக் குடோனாக வைத்துக்கொண்டார்.

மறு வருஷம் சுரங்கமும் மூடியது. வேலை போன ஊரே வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்த அந்த நாட்களில், பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பாப்பம்மாவைத் தேடி வந்தார். மகனுக்கு டிராக்டர் விபத்து, ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், உறவுக்காரர்கள் கொடுத்தது போதவில்லை. பஜாரில் விசாரித்தபோது யாரோ அவள் பேரைச் சொல்லியிருந்தார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் யாரையும் கேக்கறதில்லீங்க" என்றாள் அவள். அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுந்து யேசுதாஸ் வீட்டுக்குப் போனாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. தேவிகா கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. பாப்பம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குழந்தையிடம் "பாட்டிக்கு டாட்டா சொல்லு" என்றாள். விஷயத்தைக் கேட்டதும், "அவரு ஷிஃப்டுக்குப் போயிருக்காருக்கா" என்றாள். உள்ளே யேசுதாஸ் இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். பாப்பம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் இன்னும் சில வீடுகளுக்குப் போனாள். இந்த முறை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "இந்தாளு பையனுக்கு வேணும். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். மாரிகுப்பத்தில் சுரங்க வேலை போய் வீட்டில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் சம்மதித்தார்கள். மூத்தவன் ஒரு நிபந்தனை போட்டான். "குடுக்கறோம். ஆனா எங்க ரத்தம் அந்தப் பையன் ஒடம்புல ஏறறத நாங்க கண்ணால பாக்கணும். பாத்துட்டுதான் வருவோம்."

பாப்பம்மா சரி என்றாள். விவசாயியும் சரி என்றார்.

கோலார் ஆஸ்பத்திரியில் அவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேலை முடிந்ததே, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார். மூத்தவன் சொன்ன காரணத்தைக் கேட்டு அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, பையனை வார்டுக்குக் கொண்டுவந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். சொன்னபடியே சாயங்காலம் கூப்பிட்டார்.

அண்ணனும் தம்பியும் வார்டு வாசலில் நின்று, கட்டிலுக்கு மேலே தொங்கிய பையில் ஒட்டியிருந்த எண்ணைத் தங்கள் சீட்டோடு சரிபார்த்தார்கள். சொட்டு இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரிக்கா, போலாம்" என்றான் மூத்தவன். விவசாயி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாப்பம்மா அவரை விலக்கிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று அந்த இரண்டு பேரையும் அவசரப்படுத்தி நடக்க வைத்தாள்.